அத்தியாயம் 6: பீர் விற்கும் கடையும் ஊராட்சி மன்ற உரிமமும்

சுங்கை பூலோவில் ஏதோ ஒரு தாமானின் கடைவரிசையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் பீரும் விற்கலாமே என்று நினைக்கிறார். மன்றத்தின் உரிமப் பிரிவுக்குப் போய் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: கிடைக்குமா, கிடைக்காதா? அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள் சேதி தெரிந்ததும் கையெழுத்து வாங்கி மகஜர் தயாரிக்கிறார்கள். அதிலும் ஒரே கோரிக்கைதான்: கொடுக்கக் கூடாது. உரிமத்தை எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பார்ப்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். இந்த அத்தியாயம் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. பீர் உரிமத்தின் பலம் முழுவதும் அதனோடு வரும் நிபந்தனைகளில் இருக்கிறது. எந்த இடம், எத்தனை மணி வரை, யாருக்கு, கடைக்கு வெளியே என்ன நடக்கலாம் என்பவைதான் அந்த நிபந்தனைகள். அவற்றைப் பற்றிப் பேசத் தெரிந்த கடைக்காரருக்கு உரிமம் நிலைக்கும். அவற்றைப் பற்றி எழுதத் தெரிந்த குடியிருப்பாளருக்குப் பதில் வரும்.

முதலில், எந்தக் கதவைத் தட்டுவது? இங்கே பலர் தடுமாறுகிறார்கள், அதற்கு ஊரின் அமைப்பே காரணம். சுங்கை பூலோ என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் பகுதி ஒரே மன்றத்தின் கீழ் இல்லை. புக்கிட் ரஹ்மான் புத்ரா ஷா ஆலாம் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தது. சியராமாஸ், வேலன்சியா பக்கம் செலாயாங் நகராண்மைக் கழகம். கோத்தா டாமன்சாராவுக்கு வந்துவிட்டால் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம். அஞ்சல் முகவரியில் சுங்கை பூலோ என்று இருப்பதை நம்பி மனுவை அனுப்பினால் அது தவறான மேசையில் கிடக்கும். மதிப்பீட்டு வரி பில்லில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் மன்றம். இது முதல் கதவு, வணிக இட உரிமத்துக்கானது. இரண்டாவது கதவு வேறு கட்டடத்தில் இருக்கிறது. மதுபானச் சில்லறை விற்பனை 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கான உரிமத்தைத் தருவது உரிம வாரியம். சிலாங்கூரில் அந்த வேலை மாவட்ட அலுவலகத்தோடு இணைந்தது. ஆகவே புக்கிட் ரஹ்மான் புத்ரா கடைக்காரர் பெட்டாலிங் மாவட்ட அலுவலகத்தையும், செலாயாங் எல்லைக்குள் இருப்பவர் கோம்பாக் மாவட்ட அலுவலகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கதவு திறந்தால் மற்றதும் தானே திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பீர் மட்டும் விற்றால் தனி உரிமம் வேண்டுமா என்பதில் கடைக்காரர்களிடையே பழைய பழக்கத்தை வைத்துப் பல பேச்சுகள் உலவுகின்றன. 2017-இல் காப்பிக்கடைகளும் சீன மருந்துக்கடைகளும் பீருக்கு உரிமம் எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்து, வணிகர்கள் கடுமையாக எதிர்த்ததும் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார் என்று நிற்காதீர்கள். உங்கள் கடை எந்த வகை, புட்டியைக் கொண்டுபோகவா உட்கார்ந்து குடிக்கவா என்பதைத் தெளிவாக எழுதி, இரண்டு அலுவலகங்களிடமும் எழுத்திலேயே பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மன்றத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை இரு தரப்பும் தெரிந்திருக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு அதற்கு அடிப்படை. மன்றம் தனக்குப் பொருத்தமெனத் தோன்றும் நிபந்தனைகளோடு உரிமம் தரலாம். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, அதைத் திரும்பப் பெறலாம். அதற்காக இழப்பீடு கேட்க முடியாது. ஒரு உரிமத்தின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதைக் கடையில் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டி வைத்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு இது பயமூட்டும் பிரிவு. குளிர்பெட்டி வாங்கி, அலமாரி அடித்து, சரக்குக்கு முன்பணம் கட்டியவரின் முதலீடு ஒரு கடிதத்தில் முடிந்துபோகலாம். ஆனால் இதே பிரிவை ஊன்றிப் படித்தால் தற்காப்புக்கான வழியும் தெரியும். நிபந்தனைகள் எழுத்தில் தெளிவாக இருந்து, அவற்றைக் கடைப்பிடித்ததற்கான பதிவும் கையில் இருந்தால், உரிமத்தைப் பறிக்க நினைக்கும் அதிகாரி அந்தக் கோப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நிபந்தனை எதுவும் எழுதப்படாத உரிமம் கடைக்காரருக்குச் சலுகை போலத் தோன்றும். உண்மையில் அதுதான் அவரை அன்றன்றைய அரசியல் காற்றுக்கு விட்டுவிடுகிறது.

அந்தக் காற்று எப்படி வீசும் என்பதற்குச் சிலாங்கூரிலேயே சான்று இருக்கிறது. 2009 ஜூலையில் ஷா ஆலாம் எட்டாவது பிரிவில் இருந்த ஒரு பல்பொருள் கடையில் மாநகர் மன்ற அதிகாரிகள் பீரைப் பறிமுதல் செய்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் பீர் விற்கலாமா என்பதே பிரச்சினை. அப்போது ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் ரோனி லியூ தலையிட்டார், சரக்கைத் திருப்பித் தரச் சொன்னார். சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் ஹசான் அலி அதை எதிர்த்தார், முஸ்லிம் பெரும்பான்மைப் பகுதிகளில் விற்பனைக்குத் தடை கேட்டார். ஒரே ஆட்சிக்குழுவில் இருந்த இருவரும் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். கடைசியில் மந்திரி பெசார் காலிட் இப்ராஹிமின் அரசு, கடைகள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வந்தது. இந்த நிகழ்வை இனப் பூசலாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதன் நடைமுறைப் பாடத்தைத் தவறவிடுகிறார்கள். கடையின் உரிமத்திலேயே பீர் எங்கே வைக்கப்பட வேண்டும், யார் விற்க வேண்டும், யாருக்கு விற்கக் கூடாது, எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தால், பறிமுதல் செய்யப் போன அதிகாரியிடமும் பதில் இருந்திருக்கும், கடைக்காரரிடமும் பதில் இருந்திருக்கும். அண்டை வீட்டாரின் சமய உணர்வை மதிப்பது பொருந்தாத கோரிக்கை அல்ல. அந்த மதிப்பைக் கடைக்காரரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் உரிமத்தின் வரிகளாக்குவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வரி கட்டினால் போதும், ஊர் எதற்குக் கேட்க வேண்டும் என்பது கடைக்காரர்கள் தரப்பில் அடிக்கடி எழும் வாதம். இதை ஒரு நாடு முழு அளவில் செய்தே பார்த்துவிட்டது. இங்கிலாந்தில் 1830-இல் வந்த பீர்க்கடைச் சட்டம் உள்ளூர் நீதிபதிகளின் ஒப்புதல் வேண்டாம் என்றது. வரி செலுத்தும் எந்தக் குடித்தனக்காரரும் கலால் துறைக்கு இரண்டு கினி கட்டிவிட்டுப் பீர் விற்கலாம். ஜின் குடிப்பது குறையும், பெரிய பீர் ஆலைகளின் ஏகபோகம் உடையும் என்பது நல்ல நோக்கம்தான். ஆறு மாதத்தில் 24,000-க்கு மேல் பீர்க்கடைகள் முளைத்தன. வீட்டு முன்னறைகளே கடைகளாயின. எந்தத் தெரு, எத்தனை மணி, யார் நடத்துகிறார் என்று கேட்க உள்ளூரில் யாருக்கும் உரிமை இல்லாமல் போனது. கடைசியில் 1869-இல் நாடாளுமன்றம் அதிகாரத்தை உள்ளூர் நீதிபதிகளிடமே திருப்பிக் கொடுத்தது. கருவூலம் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைத் தலைநகர் தீர்மானிக்கலாம். பள்ளிவாசலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு கடை எத்தனை மணிக்குக் கதவடைக்க வேண்டும் என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும்.

எதிர்த்தரப்பிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது, அதைக் கவனமாகவே கேட்க வேண்டும். குடியால் மிக அதிகம் இழந்தவர்கள் தோட்டத்திலிருந்து வந்த நம் மக்கள்தான், உரிமம் தருவது அந்த அழிவுக்கு முத்திரை குத்துவதாகாதா, ஒரேயடியாக மூடினால் என்ன என்பது அந்த வாதம். இதற்கு வரலாறு உண்டு. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1947-இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன்னே மறியல் செய்து, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீஸின் அடியை வாங்கியது. அந்தப் போராட்டத்தை மதிக்கிறவர் அதன் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். கள்ளுக்கடை தொழிலாளியின் லயத்தருகே நின்றது. சம்பளம் வாங்கிய கை நேராக அங்கே போகும்படி நின்றது. அதை அங்கே வைத்ததில் தொழிலாளிக்கோ அவன் மனைவிக்கோ ஒரு சொல்லும் இல்லை. தங்கள் வாசலில் எது இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். உள்ளூரின் சொல்லுக்கு இடம் தரும் உரிம முறை அந்தக் கோரிக்கையின் வாரிசு.

முழுத் தடை குடும்பங்களைக் காக்குமா என்றால், பக்கத்திலேயே நடந்த ஒன்றை மறக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்து குறைந்த கூலிக்கு உழைத்தவர்கள். மலிவும் மறைவும் சேர்ந்த இடத்தில்தான் அந்த விஷம் விற்றது. விளக்கு வெளிச்சத்தில், கொள்முதல் ரசீதோடு, பெயர் போட்ட உரிமத்தின் கீழ் விற்கும் கடையிலும் குடி கெடுதல்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தக் கடையில் யார் விற்றது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் உண்டு. மறைவில் விற்பவனிடம் அந்தப் பதில் கிடைக்காது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதலும் முழுத் தடை போடாமல் எல்லை வகுக்கத்தான் பார்த்தது. 2021 அக்டோபர் முதல் மளிகைக்கடைகளிலும் பல்பொருள் கடைகளிலும் கடும் மதுவகைகள் கூடாது, பீர் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை விற்கலாம் என்றது. அறிவிப்பு வந்த விதத்திலும் கலந்துபேசாத குறையிலும் விவாதம் எழுந்தது நியாயமே. பீரையும் விஸ்கியையும் ஒரே தராசில் போடாமல், விற்பனைக்கு நேர எல்லை வகுப்பது என்ற அதன் அடிப்படை சரி என்பது இந்நூலின் நிலை.

இனிக் கடைக்காரர் செய்ய வேண்டியது. விண்ணப்பத்தோடு வணிகப் பதிவு, வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், முகப்புப் படம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். அதோடு நிற்காமல் நீங்களே ஒரு பக்கத்தில் உங்கள் நிபந்தனைகளை எழுதித் தாருங்கள். பீருக்குத் தனிக் குளிர்பெட்டி, அதுவும் பிள்ளைகள் ஐஸ்கிரீம் எடுக்கும் பெட்டிக்கு எதிர்ப்பக்கம். இரவு எத்தனை மணிக்கு அதற்குப் பூட்டு. கல்லாவில் முஸ்லிம் ஊழியரை நிறுத்தினால் அந்த நேரத்தில் பீர் யார் கையால் போகும். கடைக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நாற்காலியோ கவிழ்த்த பெட்டியோ கிடக்காது என்ற உறுதி. இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம். தாமான்களில் எழும் பெரும்பாலான சண்டைக்குக் காரணம் விற்பனை அல்ல, வாங்கியவர் அங்கேயே குந்திக் குடிப்பது. வயது விஷயத்தில் தளர்வுக்கு இடமே இல்லை. உணவு விதிமுறைத் திருத்தத்தின்படி 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது, அதற்கான அறிவிப்பும் கடையில் இருக்க வேண்டும். தெரிந்த வீட்டுப் பையன், அப்பாவுக்காக வாங்க வந்தான் என்ற சமாதானம் செல்லாது. அடையாள அட்டையைக் கேளுங்கள். கேட்பதை வாடிக்கையாக்கிவிட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சரக்கின் விலையும் ஒரு பாதுகாப்புக் கருவி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2016 மார்ச்சிலிருந்து பீர் மீதான கலால் வரி அதிலுள்ள மதுச்சாரத்தின் அளவைப் பொறுத்தது. முழு மதுச்சாரமாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 175 ரிங்கிட். 2025 நவம்பர் முதல் அது 10 விழுக்காடு கூடியது. 320 மில்லி லிட்டர் டின்னில் 5 விழுக்காடு மதுச்சாரம் என்றால் 16 மில்லி லிட்டர். அதற்கு வரி மட்டுமே பழைய கணக்கில் 2 ரிங்கிட் 80 சென், புதிய கணக்கில் 3 ரிங்கிட்டுக்கும் மேல். எனவே யாராவது வேனில் வந்து ஒரு டின் 3 ரிங்கிட்டுக்குத் தருகிறேன் என்றால், அந்தச் சரக்குக்கு வரி கட்டியிருக்க முடியாது என்பது கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதை வாங்கினால் சுங்கத்துறையின் வழக்கு ஒரு பக்கம், உள்ளே என்ன இருக்கிறதோ என்ற ஆபத்து மறுபக்கம். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள், ரசீதுகளைத் தேதிவாரியாக வையுங்கள்.

இவ்வளவும் சிறுகடையைத்தானே நசுக்கும், பெரிய கடைத்தொடர்களுக்கு வழக்கறிஞரும் எழுத்தரும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. இரண்டு அலுவலகம், இரண்டு கோப்பு என்பது தனியாளுக்குச் சுமை. மன்றங்கள் இரண்டையும் ஒரே முகப்பில் வாங்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் கேட்பது முறையான கோரிக்கை. ஆனால் நிபந்தனைகளைக் குறைத்தால் சிறுகடை பிழைக்கும் என்பது தவறான கணக்கு. நேர எல்லை இல்லாத ஊரில் இரவெல்லாம் திறந்திருக்க வல்லவன் ஜெயிப்பான். மூன்று ஷிப்டுக்கு ஆள் போடக்கூடியவன் பெரிய நிறுவனம்தான். கணவனும் மனைவியும் மாறி மாறி உட்காரும் கடைக்கு இரவு 9 மணி எல்லை ஒரு கேடயம்.

குடியிருப்பாளருக்கு வருவோம். குடி கெட்டது என்று எழுதிய மகஜருக்கு எந்த அதிகாரியாலும் பதில் எழுத முடியாது, ஏனென்றால் அதைத் தீர்ப்பது அவர் வேலையல்ல. கடையிலிருந்து பள்ளி வாசலுக்கு எத்தனை மீட்டர், பிள்ளைகள் பள்ளி வேன் ஏறும் இடம் எது, இரவு எத்தனை மணிக்கு எந்தெந்தத் தேதிகளில் நடைபாதையில் கூட்டம் இருந்தது, காலையில் கால்வாயில் எத்தனை டின் கிடந்தது என்று எழுதுங்கள். தேதியோடு படம் இணையுங்கள். வாகன எண், ஆட்களின் முகம் வேண்டாம். அடுத்து, மூடச் சொல்வதற்கு முன், எந்த நிபந்தனை இருந்தால் உங்களால் ஏற்க முடியும் என்று எழுதுங்கள். ஒரு நகல் மன்றத்துக்கு, ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. கடைக்காரருக்கும் ஒரு நகல் தருவது நல்லது. நேரில் கொடுத்துப் பேசிய பல விஷயங்கள் மன்றம் வரை போகாமலே முடிந்துவிடும். மகஜரில் ஓர் இனத்தின் பெயரோ கடைக்காரரின் சமயமோ வந்துவிட்டால் அந்தக் கடிதத்தின் வலு அங்கேயே போய்விடும். அப்படி எழுதியவர்களோடு கையெழுத்திடாதீர்கள்.

இத்தனை செய்தும் மன்றம் கேட்குமா என்பது கடைசி ஐயம், அது வெறும் விரக்தியும் அல்ல. இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. இன்றைய மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 24 பேர் வரை. ஓட்டு இல்லாத இடத்தில் மனுவுக்கு என்ன மரியாதை என்று கேட்பவருக்கு மகாராஷ்டிரத்தைக் காட்டலாம். அங்கே ஒரு வார்டிலோ கிராமத்திலோ பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்களோ பெண் வாக்காளர்களோ கிடத்திய பாட்டிலின் படத்துக்கு வாக்களித்தால் மதுக்கடை மூடப்படும். தமிழ்நாட்டில் நிலைமை நேர் எதிர். 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விற்பவரும் அனுமதிப்பவரும் ஒரே அரசு. 2017-இல் நெடுஞ்சாலைகளிலிருந்து அகற்றிய கடைகள் ஊருக்குள் வந்தபோது பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறிக்க வேண்டியிருந்தது. நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். வாக்கு இல்லை. ஆனால் விற்பவர் வேறு, உரிமம் தருபவர் வேறு. அந்த இடைவெளியில்தான் உங்கள் கடிதம் வேலை செய்யும். தேர்தலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது வரும்வரை இருக்கும் வாசலைப் பூட்டி வைக்கவும் கூடாது.

அந்த வாசல் அகலமாகத் திறப்பது புதுப்பிப்புக் காலத்தில். கடையில் மாட்டியிருக்கும் உரிமத்தில் முடிவுத் தேதி அச்சிட்டிருக்கும், யாரும் பார்க்கலாம். அதற்கு மூன்று மாதம் முன்பே குடியிருப்பாளர் சங்கம் தன் கடிதத்தைச் சேர்த்துவிட வேண்டும். கடைக்காரரும் அதே சமயத்தில் தன் கோப்பைப் புதுப்பித்து, கடந்த காலத்தில் வந்த புகார்களுக்கு என்ன செய்தார் என்ற குறிப்பை இணைக்க வேண்டும். இரண்டு தாள்களும் அதிகாரியின் மேசையில் ஒன்றாக இருந்தால், அடுத்த உரிமத்தில் எந்த வரியைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய அவருக்குத் தேவையானது கையில் இருக்கும். முடிவுத் தேதிக்குப் பிறகு வரும் மகஜர் அடுத்த புதுப்பிப்பு வரை காத்துக் கிடக்கும்.